வளைகுடாவில் உழைத்த காசுக்கு இங்கே வரி உண்டா? ஊர் திரும்பினால் பென்ஷன் வருமா? ராமநாதபுரம் குடும்பங்கள் கேட்கும் கேள்விகளும் பதில்களும்

துபாய்க்கோ சவுதிக்கோ குவைத்துக்கோ ஆள் போகாத தெருவைக் கீழக்கரையிலும் பெரியபட்டினத்திலும் தேடித்தான் பிடிக்க வேண்டும். பனைக்குளம், தேவிபட்டினம், தொண்டி என்று ராமநாதபுரம் கடற்கரை நெடுக இதே கதைதான். பாம்பன், தங்கச்சிமடம் பக்கத்து மீனவர்களும் வளைகுடா நாடுகளுக்கு மீன்பிடி வேலைக்குப் போகிறார்கள்.

இந்த வீடுகளில் அடிக்கடி எழும் கேள்விகள் இரண்டு. 'அங்கே சம்பாதிக்கிற பணத்துக்கு இங்கே வரி கட்டணுமா?', 'இத்தனை வருஷம் உழைச்சதுக்கு அங்கேயிருந்து பென்ஷன் வருமா?'

இரண்டுக்குமே பெரும்பாலும் ஒரே பதில்தான்: இல்லை. முதல் 'இல்லை' எல்லாருக்கும் தெரியும். இரண்டாவது 'இல்லை' பலருக்குக் கேன்சலில் ஊர் வந்து சேர்ந்த பிறகுதான் உறைக்கிறது. இரண்டையும் விவரமாகப் பார்ப்போம்.

1. என்ஆர்ஐ என்பது யார்? யார் முடிவு செய்வது?

விசாவோ இக்காமாவோ இதை முடிவு செய்வதில்லை. வருமான வரிச் சட்டப்படி நாள் கணக்குதான் முடிவு செய்கிறது. ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரையிலான ஒரு ஆண்டில் இந்தியாவில் எத்தனை நாள் இருந்தீர்கள் என்பதே கேள்வி. வெளிநாட்டில் வேலை பார்க்கும் இந்தியக் குடிமகன் 182 நாளுக்குக் குறைவாக இங்கே இருந்தால் அந்த ஆண்டுக்கு அவர் என்ஆர்ஐ.

இந்தியாவில் மட்டும் ஆண்டுக்கு 15 லட்சம் ரூபாய்க்கு மேல் வருமானம் வருபவர்களுக்குக் கணக்கு வேறு. லீவில் வந்து 120 நாள் தங்கினாலே அவர்களுடைய நிலை மாறக்கூடும். வளைகுடா போல வருமான வரி இல்லாத நாட்டில் இருந்தால், இந்தியாவில் ஒரு நாள்கூட இல்லாவிட்டாலும் சட்டம் அவர்களை இங்கே வசிப்பவராகக் கருதும். ஆனால் அப்போதும் அங்கே வாங்கும் சம்பளத்துக்கு இங்கே வரி விழாது.

2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வந்தாலும் இந்த நாள் கணக்கு மாறவில்லை. பாஸ்போர்ட்டில் விழும் முத்திரைகள்தான் ஆதாரம். பழைய பாஸ்போர்ட்டைத் தூக்கிப் போடாதீர்கள்.

2. அங்கே வாங்கும் சம்பளத்துக்கு இங்கே வரி உண்டா?

என்ஆர்ஐ-யாக இருக்கும் ஆண்டில் கிடையாது. வெளிநாட்டில் வேலை செய்து, வெளிநாட்டில் வாங்கும் சம்பளம் இந்திய வரிக்குள் வராது. அதை ஊரில் உள்ள வங்கிக் கணக்குக்கு அனுப்பினாலும் வராது.

ஆனால் இந்தியாவில் கிடைக்கும் வருமானத்துக்கு வரி உண்டு. ராமநாதபுரத்தில் கடை வாடகை, சாதாரண டெபாசிட்டுக்கு வட்டி, நிலம் விற்ற லாபம் எல்லாம் இதில் சேரும்.

3. வருஷத்தின் நடுவில் விமானம் ஏறினால்?

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். முதன்முறை போகிறவர் செப்டம்பர் 28-க்குள் கிளம்பிவிட்டால், ஏப்ரல் 1 முதல் அவர் இங்கே இருந்தது 181 நாள். அந்த ஆண்டுக்கே அவர் என்ஆர்ஐ. அக்டோபரில் கிளம்பினால் 182 நாள் தாண்டிவிடும். அந்த ஆண்டுக்கு மட்டும் அவர் இங்கே வசிப்பவர். அங்கே மார்ச் வரை வாங்கிய சம்பளமும் இந்தியக் கணக்கில் சேரும்.

பயப்பட வேண்டியதில்லை. புதிய வரி முறையில் ஆண்டு வருமானம் 12 லட்சம் வரை இருப்பவருக்குத் தள்ளுபடியால் வரி பூஜ்ஜியம்தான். ஆனால் மொத்த வருமானம் 4 லட்சத்தைத் தாண்டினால் ரிட்டர்ன் தாக்கல் செய்தாக வேண்டும்.

4. அம்மா அப்பாவுக்கு, மனைவிக்கு அனுப்பும் பணத்துக்கு வரி உண்டா?

பணத்துக்கு வரி இல்லை. பெற்றோர், மனைவி, கணவர், பிள்ளைகள், உடன்பிறந்தோர் போன்ற நெருங்கிய உறவுகளுக்குள் கொடுக்கும் பணத்தைச் சட்டம் வருமானமாகப் பார்ப்பதில்லை. எவ்வளவு அனுப்பினாலும் அப்படித்தான்.

அந்தப் பணம் ஈட்டும் வட்டிக்கு மட்டும் வரி உண்டு. அம்மா பெயரில் டெபாசிட் போட்டால் வட்டி அம்மாவின் வருமானம். மனைவிக்குக் கொடுத்த பணத்தை மனைவி டெபாசிட் போட்டால், வட்டி கணவரின் வருமானத்தோடு சேரும்.

5. உண்டியலில் அனுப்பினால் என்ன?

ரேட் கூடக் கிடைக்கும், வீட்டு வாசலுக்கே பணம் வரும் என்று சிலர் உண்டியலை நம்புகிறார்கள். அது அந்நியச் செலாவணிச் சட்டப்படி குற்றம். அதைவிட நடைமுறைச் சிக்கல் ஒன்று உண்டு: அந்தப் பணத்துக்கு ஆதாரமே இருக்காது.

30 லட்சம் ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள பத்திரப் பதிவு நடந்தால் சார்பதிவாளர் அலுவலகத்திலிருந்து வருமான வரித் துறைக்குத் தகவல் போகும். ஒரு ஆண்டில் சேமிப்புக் கணக்கில் 10 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கம் கட்டினாலும் அப்படியே. 'பணம் எங்கிருந்து வந்தது?' என்று நோட்டீஸ் வரும்போது, வங்கி வழியாக அனுப்பியவரிடம் காட்ட ரசீது இருக்கும். உண்டியலில் அனுப்பியவரிடம் எதுவும் இருக்காது. பாலைவன வெயிலில் நேர்மையாகச் சம்பாதித்த காசு, கணக்கில் காட்டாத காசாகிவிடும்.

6. என்ஆர்இ, என்ஆர்ஓ.. எந்தக் கணக்கில் என்ன வித்தியாசம்?

வெளிநாட்டு வேலைக்குப் போனவர் ஊரில் இருக்கும் சாதாரண சேமிப்புக் கணக்கை அப்படியே வைத்திருக்கக் கூடாது. வங்கியில் சொல்லி அதை என்ஆர்ஓ கணக்காக மாற்ற வேண்டும்.

என்ஆர்இ: வெளிநாட்டிலிருந்து வரும் பணத்துக்கான கணக்கு. வட்டிக்கு வரி கிடையாது. பணத்தை எப்போது வேண்டுமானாலும் திரும்ப வெளிநாட்டுக்கு எடுக்கலாம்.

என்ஆர்ஓ: வாடகை போல இந்தியாவில் வரும் பணத்துக்கான கணக்கு. வட்டியில் 30 சதவீதமும் அதன்மேல் செஸ்ஸும், அதாவது 31.2 சதவீதம், வங்கியே பிடித்துக்கொள்ளும். அதிக வருமானம் இருந்தால் சர்சார்ஜும் சேரும்.

உதாரணத்துக்கு, என்ஆர்ஓ டெபாசிட்டில் ஒருவருக்கு ஆண்டுக்கு 1,50,000 ரூபாய் வட்டி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். வங்கி 46,800 ரூபாயைப் பிடித்துவிடும். இந்தியாவில் அவருக்கு வேறு வருமானம் இல்லை என்றால் அவர் 4 லட்சம் வரம்புக்குள்தான் இருக்கிறார். ரிட்டர்ன் தாக்கல் செய்தால் அந்த 46,800 முழுதும் திரும்பக் கிடைக்கும். தாக்கல் செய்யாவிட்டால் போனது போனதுதான்.

இன்னொரு விஷயம்: ஆதார் - பான் இணைப்பிலிருந்து என்ஆர்ஐ-க்கு விலக்கு உண்டு. ஆனால் தான் என்ஆர்ஐ என்பதை வருமான வரி இணையதளத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். இல்லையென்றால் பான் செயலிழந்ததாகக் காட்டி, வரிப் பிடித்தத்திலும் ரீஃபண்டிலும் சிக்கல் வரும்.

7. 12 லட்சம் வரை வரி இல்லை என்கிறார்களே, அது என்ஆர்ஐ-க்கும் பொருந்துமா?

பொருந்தாது. 12 லட்சம் வரையிலான தள்ளுபடி இந்தியாவில் வசிப்பவருக்கு மட்டும்தான். என்ஆர்ஐ-க்கு வரியில்லா வரம்பு 4 லட்சத்தோடு நின்றுவிடும்.

இந்தியாவில் வரிக்குரிய வருமானம் 7 லட்சம் என்றால், ஊரில் இருப்பவருக்கு வரி இல்லை. அதே 7 லட்சத்துக்கு என்ஆர்ஐ 15,600 ரூபாய் கட்ட வேண்டும்.

நிலம், வீடு விற்கும்போதும் கவனம் தேவை. விற்பவர் என்ஆர்ஐ என்றால் வாங்குபவரே வரியைப் பிடித்துக் கட்ட வேண்டும். 2 ஆண்டுக்கு மேல் கையில் இருந்த சொத்துக்கு விகிதம் 12.5 சதவீதமும் அதன்மேல் செஸ், சர்சார்ஜும். லாபம் எவ்வளவு என்று முன்கூட்டியே துறையிடம் சான்று வாங்காவிட்டால், முழு விற்பனைத் தொகைக்கும் பிடித்தம் நடக்கும். பிறகு ரிட்டர்ன் போட்டுத்தான் திரும்பப் பெற முடியும்.

8. சரி, பென்ஷன்? வளைகுடா நாடுகள் தருமா?

தராது. அந்த நாடுகளின் ஓய்வூதியத் திட்டங்கள் அந்நாட்டுக் குடிமக்களுக்கானவை. 30 வருஷம் அங்கே உழைத்த இந்தியத் தொழிலாளியும் அதில் சேர முடியாது.

சவுதியில் வெளிநாட்டுத் தொழிலாளிக்காக முதலாளி சமூகக் காப்பீட்டுக்கு 2 சதவீதம் கட்டுகிறார். அது வேலையிடத்து விபத்துக்கான காப்பீடு மட்டும். அமீரகத்தில் அடிப்படைச் சம்பளம் 16,000 திர்ஹம் வரை உள்ளவர் மாதம் 5 திர்ஹம் கட்டும் கட்டாயக் காப்பீடு ஒன்று 2023 முதல் இருக்கிறது. அதுவும் வேலை போனால் அதிகபட்சம் 3 மாதம் கைகொடுக்கும் திட்டம்தான். முதுமைக்கு அதில் எதுவும் இல்லை.

வெளிநாட்டுத் தொழிலாளிக்குச் சட்டம் தருவது ஒன்றே ஒன்று: வேலையை முடித்துக் கிளம்பும்போது மொத்தமாகக் கிடைக்கும் பணிக்கொடை. நம்மவர்கள் 'கிராஜுவிட்டி' என்றும் 'சர்வீஸ் பணம்' என்றும் சொல்வது இதைத்தான்.

9. சர்வீஸ் பணம் எவ்வளவு வரும்?

அமீரகம்: ஓராண்டு முடித்திருக்க வேண்டும். முதல் 5 ஆண்டுகளில் ஆண்டுக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம். அதற்கு மேல் ஆண்டுக்கு 30 நாள். 2022 பிப்ரவரியில் வந்த புதிய சட்டத்துக்குப் பிறகு, தானே ராஜினாமா செய்தாலும் இந்தத் தொகை குறையாது. வேலை முடிந்த 14 நாளுக்குள் கொடுத்துவிட வேண்டும்.

சவுதி: முதல் 5 ஆண்டுகளில் ஆண்டுக்கு அரை மாதச் சம்பளம். அதற்கு மேல் ஆண்டுக்கு ஒரு மாதச் சம்பளம். ஆனால் தானாக ராஜினாமா செய்தால், 2 ஆண்டுக்குள் ஒன்றுமில்லை. 2 முதல் 5 ஆண்டு வரை மூன்றில் ஒரு பங்கு. 5 முதல் 10 ஆண்டு வரை மூன்றில் இரண்டு பங்கு. 10 ஆண்டு முடிந்தால்தான் முழுத் தொகை. 9 வருஷம் 10 மாதத்தில் அவசரப்பட்டு ராஜினாமா கொடுப்பவர் மூன்றில் ஒரு பங்கை அங்கேயே விட்டுவிட்டு வருகிறார்.

கத்தார்: ஆண்டுக்குக் குறைந்தது 3 வார அடிப்படைச் சம்பளம்.

பஹ்ரைன்: 2024 மார்ச் முதல் முதலாளி இந்தத் தொகையை மாதாமாதம் அரசின் சமூகக் காப்பீட்டு அமைப்பில் கட்ட வேண்டும். கிளம்பும்போது தொழிலாளி அங்கிருந்தே வாங்கிக்கொள்ளலாம். கம்பெனி நொடித்துப் போனாலும் ஏற்கெனவே கட்டிய பணம் பத்திரமாக இருக்கும்.

இதில் கவனிக்க வேண்டிய வார்த்தை 'அடிப்படைச் சம்பளம்'. துபாயில் மாதம் 2,000 திர்ஹம் வாங்குபவரின் ஒப்பந்தத்தில் பேசிக் 1,200, மீதி 800 அலவன்ஸ் என்று இருக்கலாம். 12 ஆண்டு வேலை பார்த்து அவர் கிளம்பினால் கிடைப்பது 12,600 திர்ஹம். 2,000-மும் பேசிக்காக இருந்திருந்தால் 21,000 கிடைத்திருக்கும். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் மொத்தச் சம்பளத்தை மட்டும் பார்க்காமல், பேசிக் எவ்வளவு என்று கேட்க வேண்டியது இதற்காகத்தான்.

10. சிங்கப்பூர், மலேசியாவில் எப்படி?

சிங்கப்பூரின் மத்திய சேமநிதி குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மட்டும்தான். ஒர்க் பெர்மிட்டில் போனவருக்கு அது கிடையாது.

மலேசியாவில் 2025 அக்டோபர் சம்பளம் முதல் வெளிநாட்டுத் தொழிலாளிக்கும் சேமநிதி கட்டாயமாகிவிட்டது. தொழிலாளி பங்கு 2 சதவீதம், முதலாளி பங்கு 2 சதவீதம். வேலை முடிந்து ஊர் திரும்பும்போது இதை எடுத்துக்கொள்ளலாம். எடுக்காமல் விமானம் ஏறிவிடாதீர்கள்.

11. இந்திய அரசு ஒப்பந்தம் எதுவும் போடவில்லையா?

போட்டிருக்கிறது, ஆனால் வளைகுடாவோடு இல்லை. 2009-ல் பெல்ஜியத்தில் தொடங்கி ஜெர்மனி, பிரான்ஸ், ஜப்பான், ஆஸ்திரேலியா, கனடா என்று பல நாடுகளோடு இந்தியாவுக்குச் சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் இருக்கிறது. இந்த நாடுகளில் குடிமக்களைப் போலவே வெளிநாட்டுத் தொழிலாளியும் ஓய்வூதியத்துக்குப் பணம் கட்டுகிறார். அதனால் இரண்டு நாட்டிலும் இரட்டைப் பிடித்தம் வராமல் தடுக்க ஒப்பந்தம் தேவைப்பட்டது. ஜெர்மனி போன்ற நாடுகளில், இங்கே வேலை பார்த்த ஆண்டுகளையும் அங்கே வேலை பார்த்த ஆண்டுகளையும் கூட்டித் தகுதி கணக்கிடவும் வழி உண்டு.

வளைகுடாவில் வெளிநாட்டவருக்கு ஓய்வூதியச் சந்தாவே இல்லை. கூட்டுவதற்கும் அங்கே கணக்கு இல்லை. அமீரகத்தோடு 1993 முதல் இருப்பது வரி ஒப்பந்தம். அதற்கும் பென்ஷன் சேர்ப்பதற்கும் சம்பந்தமில்லை.

வெளிநாட்டுத் தொழிலாளிகளுக்காக மத்திய அரசே 2012-ல் 'மகாத்மா காந்தி பிரவாசி சுரக்ஷா யோஜனா' என்ற சேமிப்பு - ஓய்வூதியத் திட்டத்தைத் தொடங்கியது. சேர்ந்தவர்கள் மிகக் குறைவு. 2017-ல் அது நிறுத்தப்பட்டது.

12. போகும் முன் திருப்பூரில், சென்னையில் கட்டிய பிஎஃப் என்னவாகும்?

பணம் எங்கேயும் போகாது. அதில் இரண்டு பகுதி உண்டு. சேமநிதி ஒன்று, ஓய்வூதியப் பகுதி மற்றொன்று. மாத ஓய்வூதியம் கிடைக்க மொத்தம் 10 ஆண்டு சர்வீஸ் வேண்டும். 6 ஆண்டு முடித்துவிட்டு வளைகுடா போனால், அங்கே இருந்த ஆண்டுகள் இதில் சேராது.

அதற்காக ஓய்வூதியப் பகுதியை உடைத்து எடுக்க வேண்டும் என்பதில்லை. 'ஸ்கீம் சர்டிபிகேட்' வாங்கி வைத்துக்கொள்ளலாம். திரும்பி வந்து 58 வயதுக்குள் இன்னும் 4 ஆண்டு பிஎஃப் உள்ள வேலை பார்த்தால் பென்ஷனுக்குத் தகுதி வந்துவிடும்.

13. போன இடத்தில் உயிரிழந்தால் குடும்பத்துக்கு என்ன கிடைக்கும்?

யாரும் கேட்கத் தயங்கும் கேள்வி. ஆனால் தெரிந்திருக்க வேண்டியது.

பத்தாம் வகுப்பு முடிக்காதவர்கள் வளைகுடாவுக்கு வேலைக்குப் போக இந்திய அரசின் குடிபெயர்வு அனுமதி வேண்டும். அப்போது 'பிரவாசி பாரதிய பீமா யோஜனா' காப்பீடு கட்டாயம். 2 ஆண்டுக்கு 275 ரூபாய், 3 ஆண்டுக்கு 375 ரூபாய் பிரீமியம். விபத்தில் இறந்தாலோ நிரந்தர ஊனம் ஏற்பட்டாலோ 10 லட்சம் ரூபாய். விசிட் விசாவில் போய் வேலைக்குச் சேருபவர் இந்தக் காப்பீட்டை இழக்கிறார். பழைய பாலிசி முடிந்ததும் புதுப்பிக்காமல் இருப்பவர்களும் அப்படித்தான்.

இறந்தவருக்குச் சேர வேண்டிய சம்பள பாக்கி, சர்வீஸ் பணம், இழப்பீடு ஆகியவை வாரிசுகளுக்கு உரியவை. இந்தியத் தூதரகம், மாவட்ட ஆட்சியர் அலுவலகம் வழியாக இவற்றைக் கேட்கலாம். வாரிசுச் சான்று அவசியம். வெளியுறவுத் துறையின் 'மதத்' இணையதளத்திலும் புகார் பதியலாம். ஒப்பந்த நகல், பாஸ்போர்ட் நகல், பாலிசி நகல் மூன்றும் வீட்டில் ஒருவர் கையில் இருந்தால் அலைச்சல் பாதியாகக் குறையும்.

14. அப்படியானால் முதுமைக்கு என்னதான் வழி?

அங்கே பிடிக்காத சந்தாவை, இங்கே தானே பிடித்துக்கொள்வதுதான் வழி.

என்பிஎஸ்: தேசிய ஓய்வூதியத் திட்டத்தில் என்ஆர்ஐ-யும் சேரலாம். என்ஆர்இ கணக்கிலிருந்தே கட்டலாம். ஓய்வுக்காலத்தில் ஒரு பகுதி மொத்தமாகவும் மீதி மாத ஓய்வூதியமாகவும் வரும்.

அடல் பென்ஷன்: ஊரில் இருக்கும் மனைவிக்கு 18 முதல் 40 வயதுக்குள் என்றால், அவர் வருமான வரி கட்டுபவராக இல்லை என்றால், அவர் பெயரில் சேரலாம். 30 வயதில் சேர்ந்து மாதம் 577 ரூபாய் கட்டினால் 60 வயதிலிருந்து மாதம் 5,000 ரூபாய். 40 வயதில் சேர்ந்தால் அதே 5,000-க்கு மாதம் 1,454 கட்ட வேண்டும்.

பிபிஎஃப்: என்ஆர்ஐ ஆன பிறகு புதிதாகத் தொடங்க முடியாது. போகும் முன் தொடங்கியிருந்தால் முதிர்வு வரை கட்டலாம்.

தமிழ்நாட்டில் அயலகத் தமிழர் நல வாரியம் இருக்கிறது. உறுப்பினராகப் பதிந்து அடையாள அட்டையும் காப்பீடும் பெறலாம். கேரளத்தில் ஒருபடி மேலே போய், பிரவாசி நல வாரியத்தில் குறைந்தது 5 ஆண்டு மாதச் சந்தா கட்டியவர்களுக்கு 60 வயதுக்குப் பிறகு ஓய்வூதியம் கொடுக்கிறார்கள்.

15. மொத்தமாகத் திரும்பி வந்துவிட்டால்?

உடனே செய்ய வேண்டியது ஒன்று: வங்கியில் சொல்லி என்ஆர்இ கணக்கைச் சாதாரணக் கணக்காக மாற்றுவது. நிரந்தரமாகத் திரும்பிய நாளிலிருந்து என்ஆர்இ வட்டிக்கான வரிவிலக்கு போய்விடும். 'கணக்கு பேரு என்ஆர்இ-னுதானே இருக்கு' என்று சும்மா இருந்தால் பிறகு வட்டியோடு வரி கட்ட வேண்டி வரும்.

ஒரு சலுகையும் உண்டு. நீண்ட காலம் வெளிநாட்டில் இருந்துவிட்டு வருபவருக்கு, வழக்கமாக முதல் 2 ஆண்டு வரையாவது, வெளிநாட்டில் இருக்கும் வருமானத்துக்கு இங்கே வரி இல்லை. அந்தக் காலம் முடிந்த பிறகு, அங்கே விட்டுவந்த வங்கிக் கணக்கையும் ரிட்டர்னில் காட்ட வேண்டும். தேவையில்லாத கணக்கை முன்பே மூடிவிடுவது நல்லது.

அடுத்த லீவில் ஊருக்கு வரும்போது செய்ய வேண்டியவை

* வங்கிக்குப் போய்ச் சேமிப்புக் கணக்கு என்ஆர்ஓ ஆகிவிட்டதா, எல்லாக் கணக்குக்கும் வாரிசு நியமனம் இருக்கிறதா என்று பாருங்கள்.
* என்ஆர்ஓ வட்டியில் வரி பிடித்திருந்தால் ரிட்டர்ன் தாக்கல் செய்து ரீஃபண்ட் கேளுங்கள்.
* வேலை ஒப்பந்தத்தில் பேசிக் எவ்வளவு என்று பார்த்து, இன்றைய தேதிக்குச் சர்வீஸ் பணம் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று எழுதி வையுங்கள்.
* காப்பீட்டு பாலிசி காலாவதியாகிவிட்டதா என்று பார்த்துப் புதுப்பியுங்கள்.
* உங்களுக்கும் மனைவிக்கும் ஆளுக்கு ஒரு ஓய்வூதியக் கணக்காவது தொடங்குங்கள்.

வீடு கட்ட, தங்கை கல்யாணத்துக்கு, பிள்ளை படிப்புக்கு என்று ஒவ்வொரு மாதச் சம்பளத்துக்கும் ஒரு செலவு காத்திருக்கிறது. வயதான காலத்துக்கு என்று யாரும் கேட்டு வாங்க மாட்டார்கள், அந்த நாட்டு அரசும் பிடித்து வைக்காது. 30 வயதில் மாதம் 577 ரூபாய் ஒதுக்குவது எளிது. 60 வயதில் பிள்ளைகளிடம் மாதம் 5,000 ரூபாய் கேட்பது அவ்வளவு எளிதல்ல.